வடிகஞ்சி யாருக்கு? தாயின் சமையல் நினைவை வரலாற்றுச் சான்றாக வாசித்தல்

தாயின் சமையலைப் பற்றிய குழந்தைப்பருவ நினைவுகள் இந்திய மொழிகள் பலவற்றிலும் இன்று பெருகி வருகின்றன. தன்வரலாறு, சமையல் நூலின் முன்னுரை, வாய்மொழி நேர்காணல், முகநூல் பதிவு என வடிவம் எதுவாயினும் அவற்றின் கட்டமைப்பு ஏறக்குறைய ஒன்றே: ஒரு மணம், ஒரு பாத்திரம், இனிக் கிடைக்காத ஒரு சுவை. உணவு வரலாறு பயிலும் மாணவர்கள் இவற்றைச் சான்றாக எடுத்தாளத் தொடங்கியுள்ளனர். எடுத்தாளட்டும். ஆயினும், இந்நினைவுகளைச் சொல்பவர் பெரும்பாலும் உண்டவரே, பரிமாறியவர் அல்லர் என்பதை மறந்துவிடலாகாது. தட்டில் விழுந்ததை அவர் அறிவார். அந்தத் தானியம் வீட்டுக்கு எவ்வாறு வந்தது, எல்லோரும் எழுந்த பின் பானையில் எவ்வளவு எஞ்சியது என்பவற்றை அவர் அறிந்திருக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை.

சமைத்தவரே எழுதிய சான்று நம்மிடம் மிகக் குறைவு. அவற்றுள் தலையாயது ராஸசுந்தரி தேவியின் ‘ஆமார் ஜீபன்’. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அச்சான இந்நூல், வங்கப் பெண்ணொருவர் எழுதிய முதல் தன்வரலாறாகக் கருதப்படுகிறது. பன்னிரண்டாம் வயதில் திருமணமாகி, மாமியார் நோயுற்ற பின் பெரிய குடும்பம் ஒன்றின் சமையல் முழுவதையும் ஏற்றவர் அவர். ஒருவரும் அறியாமல் எழுத்துக் கற்றதும் அடுப்படியிலேதான். சைதன்ய பாகவதச் சுவடியிலிருந்து எடுத்த ஓர் ஏட்டைச் சமையலறையில் மறைத்து வைத்து, மகன் எழுதிப் பழகிய ஓலையோடு ஒப்பிட்டு எழுத்துகளை அடையாளம் கண்டார். தனிகா சர்க்காரின் ஆய்வுக்குப் பின் இப்பகுதி பாடத்திட்டங்களில் இடம்பெற்று, பரவலாக மேற்கோள் காட்டப்படுகிறது.

அதே நூலில் அவ்வளவாகப் பேசப்படாத வேறொரு பகுதி உண்டு. எல்லோருக்கும் பரிமாறிவிட்டுத் தான் உண்ண அமரும் நேரத்தில் விருந்தினர் ஒருவர் வருகிறார். தன் பங்குச் சோறு அவருக்குப் போகிறது. அடுத்த வேளை குழந்தையின் அழுகை குறுக்கிடுகிறது. இப்படியே ஏறத்தாழ இரண்டு நாள் அவர் உண்ணவில்லை. சோறு வடித்த கையே பட்டினி கிடக்கிறது. வீடு நிறைய ஆட்கள் இருந்தும் ஒருவருக்கும் அது தெரியாது, அவரும் சொல்லவில்லை. வறுமையால் நேர்ந்த பட்டினி அன்று இது. நெல்லுக்குக் குறைவில்லாத வீடு. அவருடைய பிள்ளைகளில் ஒருவர் தம் தாயின் சமையலைப் பற்றி எழுதியிருந்தால் அந்த இரண்டு நாள்கள் அதில் இடம்பெற்றிருக்குமா? அந்த நாள்களிலும் பிள்ளைகளின் வேளைச் சோறு தவறவில்லை. அவர்களுக்கு அவை பிற நாள்களைப் போன்ற நாள்களே.

இனி, இந்த நினைவுகளை வேறு விதமாக வாசிக்க உதவும் ஒரு பொருளுக்கு வருகிறேன்: வடிகஞ்சி. சோறு வடிக்கும் நாடெங்கும் அது உண்டு. வங்கத்தில் ‘ஃபேன்’, இந்தி வட்டாரத்தில் ‘மாண்ட்’. அரிசி தாராளமாக உள்ள வீட்டில் அது மாட்டுத் தொட்டிக்கோ, துணிக்குக் கஞ்சியிடவோ போகும். இல்லாத வீட்டில் குழந்தையின் வயிற்றுக்குப் போகும். ஒரு வீட்டின் வடிகஞ்சி எங்கே போகிறது என்று கேட்டால் போதும். அவ்வீட்டின் பொருளியல் நிலை பெருமளவு விளங்கிவிடும்.

1943-இன் வங்கப் பஞ்சத்தில் கிராமங்களிலிருந்து கல்கத்தாவுக்கு நடந்து வந்தவர்கள் வீட்டு வாசல்களில் நின்று கேட்டது சோறன்று. ‘ஃபேன் தாவ்’, கஞ்சித் தண்ணீர் தாருங்கள் என்பதே அவர்கள் குரல். சோறு கேட்டால் கிடைக்காது என்பதை அவர்கள் அதற்குள் கற்றிருந்தனர். அவ்வாண்டு மேதினிபூர் மாவட்டத்தில் நடந்து திரிந்து ஓவியர் சித்தப்ரசாத் வரைந்து வெளியிட்ட ‘ஹங்கிரி பெங்கால்’ நூலின் படிகளை அரசு பறிமுதல் செய்து அழித்தது. 1945-இல் பஞ்ச விசாரணைக் குழு இறப்பு எண்ணிக்கையை ஏறத்தாழ 15 லட்சம் என மதிப்பிட்டது. அமர்த்திய சென் உள்ளிட்ட பிற்கால ஆய்வாளர்கள் 30 லட்சம் வரை கணக்கிட்டுள்ளனர். அப்பஞ்சத்தைத் தாண்டி வளர்ந்த தலைமுறையைச் சேர்ந்த வங்காளிகளை நேர்காண்பவர்கள் இந்தச் சொல்லுக்காகக் காத்திருக்க வேண்டும். மீன் குழம்பு, போஸ்தோ, பிட்டே எல்லாம் தாமாகவே பேச்சில் வந்துவிடும். ஃபேன் தானாக வராது.

வடிகஞ்சி தயக்கமின்றி எழுதப்பட்ட நூல் ஒன்று இந்தியில் உண்டு. ஓம்பிரகாஷ் வால்மீகி 1997-இல் வெளியிட்ட ‘ஜூட்டன்’. எச்சில் என்பது தலைப்பின் பொருள். 1950-இல் உத்தரப் பிரதேசத்தின் முசாஃபர்நகர் மாவட்டத்துப் பர்லா கிராமத்தில், துப்புரவுத் தொழிலுக்குள் அடைக்கப்பட்ட சூஹ்ரா சாதியில் பிறந்தவர் அவர். நிலவுடைமையாளரான தியாகிகளின் வீட்டுத் திருமணங்களில் சோறு வடிக்கையில் கிடைக்கும் மாண்டுக்காகத் தம் குடியிருப்புப் பிள்ளைகள் பாத்திரத்தோடு காத்திருந்ததையும், தமக்கு அது பாலுக்கு ஒப்பாக இருந்ததையும் எழுதுகிறார். தியாகிகளின் மாட்டுக்கொட்டிலைப் பெருக்கிச் சாணம் அள்ளியதற்குக் கூலி, சிறிதளவு தானியமும் மீந்த ரொட்டியும். அந்த ரொட்டியும் இவர்களுக்கென்றே உமி கலந்த மாவில் சுடப்பட்டது.

திருமணப் பந்தியில் எஞ்சிய எச்சில் பூரிகளைச் சேகரித்து, கயிற்றுக் கட்டிலில் பரப்பி, வெயிலில் உலர்த்துவார்கள். காகத்தையும் கோழியையும் விரட்ட ஒருவர் காவல் இருக்க வேண்டும். மழைக்காலத்தில் வேலை கிடைக்காத நாள்களுக்கு அந்த உலர்ந்த துண்டுகளே இருப்பு. நீரில் ஊறவைத்துக் கொதிக்கவிட்டு, உப்பும் மிளகாயும் சேர்த்து உண்பார்கள். வெல்லம் கிடைத்த நாளில் அது இனிப்பாகும். ஒரு சமையற்குறிப்பின் உறுப்புகள் அனைத்தும் இதில் உள்ளன: மூலப்பொருள், பக்குவம், பருவம், சேமிப்பு முறை. அப்பளமும் வற்றலும் ஊறுகாயும் ‘மரபுவழிப் பாதுகாப்பு நுட்பங்கள்’ எனக் கட்டுரைகளில் இடம்பெறும்போது இந்த நுட்பம் மட்டும் அங்கே சேர்க்கப்படுவதில்லை. காரணம் சொல்லத் தேவையில்லை.

அந்நூலில் வரும் தாய், தியாகி ஒருவரின் மகள் திருமணத்தன்று வாசலில் கூடையோடு காத்திருக்கிறார். பத்துப் பன்னிரண்டு நாள் அவ்வீட்டில் உழைத்த குடும்பம் அது. பந்தி முடிந்த பின், பிள்ளைகளுக்கு ஓர் இலை நல்ல உணவு தரும்படி கேட்கிறார். கூடை நிறைய எச்சில் இருக்கும்போது இதற்கு மேல் என்ன வேண்டும், உன் இடம் எதுவென்று தெரிந்துகொள் என்ற பொருளில் விடை வருகிறது. அவர் கூடையை அங்கேயே கவிழ்த்துவிட்டுப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வெளியேறுகிறார். அதன்பின் அவ்வாசலுக்கு அவர் போகவே இல்லை. அக்குடும்பத்தில் எச்சில் எடுக்கும் வழக்கமும் அன்றோடு நின்றது. இக்காட்சியைச் சாதி எதிர்ப்பின் தருணமாக வாசிப்பது சரியே. உணவு வரலாற்றின் தருணமாகவும் இதை வாசிக்க வேண்டும் என்பேன். அன்றிரவு அந்தத் தாய்க்கு ஒரு மழைக்கால இருப்பு இல்லாமல் போயிற்று. அதன் விலையை நன்கறிந்த ஒருவர்தான் அந்தக் கூடையைக் கவிழ்த்தார்.

மராத்தியில் இந்தக் கணக்கை இன்னும் முழுமையாக எழுதிய நூல், 2015-இல் வெளிவந்த ஷாஹு பாடோளேயின் ‘அன்ன ஹே அபூர்ணப்ரம்ம’. உணவே முழுமையான பிரம்மம் என்பது மராத்தி வீடுகளில் உண்ணும் முன் சொல்லப்படும் வாக்கு. அதை ‘முழுமையற்ற பிரம்மம்’ எனத் திருப்பிப் போடுகிறது தலைப்பு. மராட்வாடாவின் மஹார், மாங் குடியிருப்புகளில் சமைக்கப்பட்டவற்றைச் செய்முறையோடு எழுதுகிறார்: இரத்தம், குடல், கொழுப்பு, உலர்த்திய இறைச்சித் துண்டுகளான ‘சான்யா’. நெய், பால் முதலியன அநேகமாக இல்லாத சமையல் அது. அந்த இன்மையே அச்சமையலின் வரலாறு.

இந்நூலை எந்த நூல்களின் அருகில் வைத்துப் படிக்க வேண்டும்? எஸ். மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ 1951-இல் வந்தது. கமலாபாய் ஓகலேயின் ‘ருசிரா’ 1970-இல். இரண்டும் மிகப் பயனுள்ள நூல்கள். திருமணமாகி வெளியூர் சென்ற பெண்களுக்குத் தாயின் இடத்தில் நின்றவை. பிற்காலச் சமையல் நூல்கள், குறிப்பாக ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை, நகர்ப்புற நடுத்தர வர்க்கத்தின் சமையலறைகளை ஒன்றோடொன்று பேசவைத்து ‘இந்திய உணவு’ என்ற ஒன்றை உருவாக்கின என அர்ஜுன் அப்பாதுரை 1988-இல் வாதிட்டார். அவ்வாதத்தை நான் ஏற்கிறேன். ஒன்றை மட்டும் சேர்ப்பேன். அந்நூல்களில் ‘அம்மா’ என்ற சொல் வரும்போதெல்லாம் அவருக்குப் பின்னால் நிறைந்த அஞ்சறைப்பெட்டி ஒன்று இருப்பதாக வாசகர் தாமாகவே எண்ணிக்கொள்கிறார். ஊர்மிளா பவாரின் ‘ஆய்தான்’ (2003) காட்டும் தாய் கணவரை இழந்தபின் மூங்கில் கூடை முடைந்து பிள்ளைகளை வளர்த்தவர். ‘ஆய்தான்’ என்பது மூங்கிலால் முடைந்த பொருளைக் குறிக்கும். ஒரு தாயின் சமையலை எழுத அவர் விற்ற கூடையிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

இவையெல்லாம் சாதியின் அடித்தளத்தில் நிகழ்ந்தவை, நடுத்தர வீட்டு நினைவுகளுக்கு இந்த ஐயம் பொருந்தாது எனச் சிலர் சொல்லக்கூடும். கல்கத்தாவின் லேக் மார்க்கெட் பகுதியில் நெடுங்காலமாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்து வருகின்றன. என் தாய்வழிப் பாட்டியின் குடும்பமும் அவற்றுள் ஒன்று. தாத்தா குமாஸ்தா. 1965, 66-இல் அம்மாவுக்குப் பத்து வயதை ஒட்டியிருக்கும். அமெரிக்காவுடன் 1956-இல் கையெழுத்தான பி.எல். 480 ஒப்பந்தக் கோதுமை கப்பல் கப்பலாக வந்துகொண்டிருந்த காலம். 1966-இல் மட்டும் இந்தியா இறக்குமதி செய்த தானியம் ஏறத்தாழ 1 கோடி டன். பங்கீட்டு அட்டையில் அரிசி சுருங்கிக் கோதுமை ஏறியது. சோற்றைத் தவிர வேறறியாத வங்காளி வீடுகள் பலவற்றில் இரவு உணவு ரொட்டியாக மாறியது. பால் தட்டுப்பாட்டைக் காட்டி மேற்கு வங்க அரசு 1965-இல் சேனா இனிப்புகளுக்கே தடை விதித்தது. வாரத்தில் ஒரு வேளை உணவைத் துறக்குமாறு பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி நாட்டைக் கேட்டுக்கொண்டதும் அதே ஆண்டுதான். நாள்தோறும் ஒரு வேளையைத் துறந்துகொண்டிருந்தவர்களுக்கு அந்த வேண்டுகோள் எப்படிக் கேட்டிருக்குமோ!

அம்மா அக்காலத்தைப் பேசும்போது பாட்டியின் ரொட்டிதான் முதலில் வரும். பக்கத்து வீட்டில் வேலை செய்த பிகார்ப் பெண்ணிடம் பாட்டி அதைக் கற்றார்; முதல் மாதம் அப்பளம் போல் விறைத்தது, பின்னர் பூப்போல வந்தது. ரொட்டிக்குச் சாம்பார் தொட்டுக்கொண்டதைச் சொல்லிச் சிரிப்பார். ஆய்வுக்காக நான் ஒருமுறை ஒலிப்பதிவுக் கருவியோடு அமர்ந்து, “பாட்டி எத்தனை ரொட்டி சாப்பிடுவாங்க?” என்று கேட்டேன். அம்மா சற்று நேரம் பேசவில்லை. “ராத்திரி அவங்க சாப்பிட்டு நான் பாத்ததா ஞாபகம் இல்லியே” என்றார். பிறகு, தாத்தாவுக்கும் மாமாவுக்கும் அரிசிச்சோறு ஒதுக்கப்பட்டதும், பெண் பிள்ளைகளுக்கு ரொட்டி என்றிருந்ததும் ஒவ்வொன்றாக வந்தன. அறுபது ஆண்டுகளாக அம்மா இதை மறைத்து வைத்திருக்கவில்லை. அப்படி ஒரு கேள்வி அதுவரை அவர் முன் வந்ததில்லை.

2019–21-இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்தது; அதே வயது ஆண்களில் 25 விழுக்காட்டினருக்கு. மாதவிடாயும் மகப்பேறும் இவ்வேறுபாட்டின் ஒரு பகுதியை விளக்கும். யார் கடைசியில் உண்கிறார் என்பதை ஒதுக்கிவிட்டு எஞ்சிய பகுதியை விளக்குவது கடினம்.

ஆதலால் நேர்காணலுக்குச் செல்லும் மாணவர்களிடம், ‘உங்கள் அம்மா செய்ததில் உங்களுக்குப் பிடித்தது எது’ எனத் தொடங்க வேண்டாம் என்று சொல்லி வருகிறேன். அக்கேள்விக்கு விடை முன்கூட்டியே தயாராக இருக்கும். பானை எவ்வளவு கொள்ளும், விறகு யார் கொண்டுவந்தது, வடிகஞ்சி எங்கே போயிற்று, விருந்தாளி வந்த அன்று யாருடைய பங்கு குறைந்தது என்று கேளுங்கள். முதல் விடை பெரும்பாலும் ‘தெரியாது’ என்றே வரும். அதையும் பதிவு செய்யுங்கள். எது தெரியாமல் வளர்ந்தார்கள் என்பதும் தரவுதான். சாத்தியமானால் ஒரே வீட்டின் அக்காவையும் தம்பியையும் தனித்தனியே கேளுங்கள். அடுப்படியில் உதவிக்கு நின்ற மூத்த பெண்ணின் நினைவில் அளவுகள் இருக்கும். தம்பியின் நினைவில் சுவை இருக்கும்.

1960-களின் பங்கீட்டு அட்டைகள், மளிகைக் கணக்கேடுகள், பெண்கள் கையால் எழுதிய வீட்டுச் செலவுக் குறிப்புகள் எவரிடமேனும் இருப்பின் தெரிவிக்க வேண்டுகிறேன். கல்கத்தா, பம்பாய், தில்லித் தமிழ்க் குடும்பங்களின் அட்டைகள் குறிப்பாகத் தேவை. படியெடுத்துக்கொண்டு மூலத்தைத் திருப்பித் தந்துவிடுவேன். குடும்பத்தின் பெயர் எங்கும் வராது. கிழிந்திருந்தாலும் எண்ணெய்க் கறை படிந்திருந்தாலும் தயங்க வேண்டாம். கோதுமை எத்தனை, அரிசி எத்தனை என்ற இரண்டு எண்கள் தெரிந்தால் போதும்.