பாளையத்துத் திரித்துப்பாக்கி

திரித்துப்பாக்கி என்பது, குழலின் முன்வாய் வழியாகவே மருந்தையும் ஈயக் குண்டையும் செலுத்தி, கனன்று கொண்டிருக்கும் திரியினால் தீயூட்டிச் சுடப்பெறும் நெடுந்துப்பாக்கியாகும். கடையநல்லூரை அடுத்த சொக்கம்பட்டி, சங்கரன்கோவில் பக்கத்து நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர் முதலிய திருநெல்வேலிச் சீமைப் பாளையங்களில், 18ஆம் நூற்றாண்டின் யுத்தங்களில் வேலோடும் வாளோடும் வீரர் கைகளில் விளங்கிய ஆயுதம் இது. நாட்டுப் பாடல்கள் வேலையும் வாளையும் போற்றிய அளவுக்கு இதனைப் போற்றவில்லை. ஆயினும் இதில் அடங்கிய கைத்திறன் வாளில் உள்ளதைக் காட்டிலும் மிகுதி என்பதைப் பழைய குழல் ஒன்றைக் கூர்ந்து நோக்கியவர் மறுக்கமாட்டார்.

தென்னாட்டில் இக்கலை பெருகியதற்குப் போர்த்துக்கீசியர் வருகை பெரியதொரு காரணம். 1510இல் கோவாவைக் கைப்பற்றிய போர்த்துக்கீசியத் தலைவர் அல்புகர்க்கு, அந்நகரத்துக் கம்மியர் செய்யும் துப்பாக்கிகள் போஹீமிய நாட்டுக் கைவினைஞரின் வேலைக்கு இணையானவை என்ற கருத்துப்பட 1513ஆம் ஆண்டிலேயே தம் அரசருக்கு எழுதினார். அந்நியர் வந்து மூன்றாண்டுகளுக்குள் அத்தகைய சாமர்த்தியம் தோன்றியிருக்க இயலாதாகையால், இந்நாட்டுக் கொல்லர் அதற்கு முன்னரே துப்பாக்கித் தொழிலை அறிந்திருந்தனர் என்று கொள்வதே பொருத்தம். 1520இல் கிருஷ்ணதேவராயர் ராய்ச்சூரை முற்றுகையிட்டபோது போர்த்துக்கீசியத் துப்பாக்கி வீரர் சிலர் அவருக்குத் துணைநின்றனர். 1596இல் வெளியான டச்சுப் பயணி லின்ஷோட்டனின் பயண நூல் இலங்கையில் வெள்ளிபோல் ஒளிரும் குழல்கள் செய்யப்படுவதை வியந்து பேசுகிறது.

துப்பாக்கியின் உயிர் குழலிலே இருக்கிறது. ஒரே தகட்டை நீளவாக்கில் வளைத்து விளிம்போடு விளிம்பு பொருத்தினால், மருந்து வெடிக்கையில் அந்தப் பொருத்து வாய்பிளந்து, சுடுபவனுக்கே யமனாக முடியும். ஆகவே தேர்ந்த கொல்லர், தேனிரும்பை நீண்ட பட்டையாக அடித்து, அதனை ஓர் இரும்புக் கோலின்மேல் கொடி சுற்றுவதுபோல் சாய்வாகச் சுற்றி, விளிம்புகள் ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு செய்து, உலையில் வெண்சூடு ஏற்றிச் சம்மட்டியால் அடித்து இணைத்தனர். இவ்வாறு செய்த சிறு துண்டுகள் பல தம்முள் இணைந்தே முழுக்குழல் உருவாயிற்று. அக்பர் சக்கரவர்த்தியின் பட்டறைகளிலும் இம்முறையே கையாளப்பட்டதென்றும், பழைய குழல்கள் கால்பங்குக்கு மேல் மருந்து தாங்காதிருக்க, புதியவை வாய்மட்டும் நிரப்பினும் பிளவாமல் நின்றன என்றும் அவருடைய அவை வரலாற்றாசிரியர் அபுல் பஸல் எழுதியிருக்கிறார். பின்னர் உள்ளே துளையிடும் கருவியை மெல்லச் சுழற்றிக் கடைந்து நேராக்குவதும், பின்வாயை அடைப்பதும், பக்கத்தில் பற்றுவாய் என்னும் நுண்துளை இடுவதும் நிகழும். வெடியின் வேகம் முழுவதையும் ஏற்கும் பின்பகுதி தடித்தும், நடுப்பகுதி மெலிந்தும், முன்வாய் மீண்டும் பருத்தும் அமைவது வழக்கம்.

குழலை மெருகேற்றி அன்னபேதிக் கரைசல் பூசினால், முறுக்கிச் சுற்றிய இரும்பின் ரேகைகள் நீரலை போல் மேலெழும். இது வெறும் அலங்காரமன்று. இணைப்பில் குறையிருந்தால் அதையும் இந்த ரேகையே காட்டிக்கொடுத்துவிடும். மற்ற அலங்காரங்கள் செல்வத்தைப் பொறுத்தவை. இரும்பின் மேற்பரப்பைக் குறுக்கும் நெடுக்குமாக நுண்கீறல்களால் சொரசொரப்பாக்கி, பொன் அல்லது வெள்ளிக் கம்பியை அதில் அடித்துப் பதித்துக் கொடியும் மலரும் வரைவர். முன்வாயைப் புலிமுகமாகச் செதுக்குவர். கட்டையில் தந்தமோ எலும்போ பதிப்பர். இவ்வணிகள் யாவும் பின்பகுதி, முன்வாய், மருந்துக் கிண்ணத்தின் மூடி, கட்டையின் அடியான பிடங்கு என்று பார்வையும் கையும் முதலில் படும் இடங்களிலேயே செறிந்திருப்பதைக் காணலாம். சாமானியப் போர்வீரனுடைய துப்பாக்கியிலோ பித்தளைப் பட்டை நாலைந்து இருந்தால் அதுவே பெரிது.

கட்டை, மேனாட்டுத் துப்பாக்கியின் கட்டையைப்போல் அகன்று வளையாமல், ஒல்லியாகவும் ஏறக்குறைய நேராகவும் இருக்கும். குழலைக் கட்டையோடு பிணைப்பவை தோல்வாரும் கம்பிச் சுற்றும் உலோகப் பட்டைகளும். திருகாணிக்கு இங்கே வேலை குறைவு. கட்டையின் பிளவுக்குள் அச்சில் ஆடும் குதிரை என்னும் உறுப்பு திரியைக் கவ்வியிருக்க, விசையை இழுத்தவுடன் அது குனிந்து, மருந்துப்பொடி இட்ட சிறு கிண்ணத்தில் நெருப்பைத் தொடும். இவ்வளவே இதன் இயந்திரம். வில்லும் இல்லை, சக்கிமுக்கிக் கல்லும் இல்லை. பழுதுபட்டால் எந்தக் கிராமத்துக் கொல்லனும் சீர்செய்யலாம். இரும்பு கொல்லனுக்கும், கட்டை தச்சனுக்கும், பித்தளை கன்னானுக்கும், பொன்வேலை தட்டானுக்கும் உரியதாக, கம்மாளர் குலத்துப் பல தொழில்களும் இந்த ஒரு பொருளில் சந்தித்தன.

வெடிமருந்தும் உள்நாட்டுச் சரக்கே. உவர்மண்ணைக் கரைத்துக் காய்ச்சி எடுத்த வெடியுப்போடு, எருக்கஞ்செடி போன்ற மெல்லிய கட்டைகளின் கரியும் கந்தகமும் கூட்டி இடித்தனர். உப்பு முக்கால் பங்கும், மீதம் கரியும் கந்தகமும் என்பது பொதுவாக உலகெங்கும் வழங்கிய கணக்கு.

இதே 18ஆம் நூற்றாண்டில், அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மானியக் கம்மியர், மேப்பிள் மரக் கட்டையும் பித்தளைப் பெட்டகமும் உடைய நெடுந்துப்பாக்கியை உருவாக்கினர். அதன் குழலினுள் திருகுசாலாக வெட்டிய தவாளிப்புகள் குண்டைச் சுழற்றிக் குறி தவறாமல் செலுத்தின. நம் நாட்டுக் குழல்களோ பெரும்பாலும் உட்புறம் வழவழப்பானவை. ஆயினும் நீண்ட குழலும் தடித்த பின்பகுதியும் நிறைய மருந்தைத் தாங்கியமையால், கிழக்கிந்தியக் கும்பினிச் சிப்பாயின் துப்பாக்கியைக் காட்டிலும் தொலைவு சென்று தாக்கும் ஆற்றல் திரித்துப்பாக்கிக்கு இருந்ததை ஆங்கிலேய அதிகாரிகளே ஒப்புக்கொண்டிருக்கின்றனர். மழையில் திரி அணைவதும், மீண்டும் மருந்திடத் தாமதமாவதும், இருளில் கங்கு காட்டிக்கொடுப்பதும் இதன் குறைகள். கோட்டைமதிலின் மறைவிலும் முட்காட்டின் ஓரத்திலும் நின்று சுடுபவனுக்கு இவற்றுள் பல ஒரு பொருட்டல்ல.

1755இல் ஆங்கிலேயக் கர்னல் ஹெரான் பூலித்தேவரின் நெற்கட்டும்செவல் கோட்டையைப் பிடிக்க மாட்டாமல் திரும்பினார். 1801 மார்ச்சில் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தாக்கிய மேஜர் மெக்காலேயின் படை பின்வாங்கியது மதிலுக்குப் பின் நின்ற வேலாலும் துப்பாக்கியாலும் விளைந்தது. மே மாதத்தில் அக்கோட்டை வீழ்ந்தது. அதே ஆண்டு டிசம்பர் 1ஆம் தேதி சென்னைக் கவர்னர் எட்வர்ட் கிளைவ் வெளியிட்ட பிரகடனம், பாளையக்காரரின் கோட்டைகளை இல்லாமற் செய்ததோடு ஆயுதம் தாங்குவதையும் தடைசெய்தது. மேலான கருவி வந்து கீழானதைத் தள்ளியது என்று சொல்வது இங்கே பொருந்தாது. இந்தச் சீமையில் துப்பாக்கித் தொழிலை ஒழித்தது சட்டமே. தஞ்சை அரண்மனை ஆயுதசாலைக்கும் நல்ல கதி வாய்க்கவில்லை: 1855இல் தஞ்சை மன்னர் இரண்டாம் சிவாஜி மறைந்தபின் அதன் பெரும்பகுதி பழைய இரும்பாக உடைக்கப்பட்டுப் போக, தேர்ந்தெடுத்த சிலவே சென்னை அருங்காட்சியகத்தை அடைந்தன.

1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் உரிமம் இல்லாத துப்பாக்கியை நாடெங்கும் குற்றமாக்கியது. குடகர்க்கு விலக்கு நீடித்து வருகிறது. வாய்வழி மருந்திடும் நாட்டுத் துப்பாக்கி, திரியை விட்டுக் கேப்பு என்னும் வெடிமூடிக்கு மாறி, உரிமம் பெற்ற குடியானவரிடமும் நரிக்குறவரிடமும் நெடுங்காலம் வழங்கிற்று. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் நரிக்குறவரின் வேட்டைத் தொழிலும் அற்றது.