காரில் இருந்தபடி ஏழு தடவை வென்றவர்

தம்பிமாரே, தங்கச்சிமாரே, ரூர் து பிரான்ஸ் என்றால் எல்லாருக்கும் மஞ்சள் சட்டைதான் கண்ணில் படும். எனக்கோ, பின்னால் காரில் வருகிற அணிப் பொறுப்பாளரைத்தான் பிடிக்கும்.

சிரில் கிமார் நல்ல சைக்கிள் வீரர். 1976இல், 29 வயதில், ஜித்தான் அணியின் பொறுப்பாளரானார். அந்த வருடமே அவருடைய வீரர் வான் இம்ப் வென்றார். பிறகு பெர்னார் ஈனோ நாலு தடவை, லோரோன் பினியோன் இரண்டு தடவை. 1984 வரை மொத்தம் ஏழு!

மாசியில் தொடங்கி ஐப்பசி வரை போட்டிகள். எவரை எங்கே ஓட விடுவது, எவருக்கு ஓய்வு கொடுப்பது என்பதுதான் வேலையே. லா ஷப்பலில் கடை வைத்திருப்பவர்களுக்கு இது விளங்கும்: ஒரே சாமானை நம்பிக் கடை நடத்தேலாது. 1983இல் ஈனோ ஸ்பெயின் சுற்றை வென்றார். ஆனால் முழங்கால் பழுதாகி யூலைக்கு வரவில்லை. ஸ்பெயினில் ஈனோவுக்கு உதவியாக ஓடிய 22 வயதுப் பினியோன் பரிசில் மஞ்சள் சட்டையோடு நின்றார்.

1989தான் எனக்கு இன்னும் ஆறாதது. கடைசி நாள், வெர்சாயிலிருந்து பரிஸ் வரை 24.5 கிலோமீற்றர். பினியோன் 50 செக்கன் முன்னால். கிரெக் லெமொன்ட் காற்றைக் கிழிக்கிற புதுக் கைப்பிடியோடு வந்தார். பினியோனோ சாதாரணக் கைப்பிடி, தலைக்கவசம் இல்லை, குடுமி காற்றில். ரெனோ காலத்திலேயே சைக்கிளைக் காற்றுச் சுரங்கத்தில் சோதித்த கிமாரின் வீரர் இப்படி! எட்டுச் செக்கனில் தோல்வி.

அந்த லெமொன்டை 1981இல் தொழில்முறை ஓட்டத்துக்குக் கொண்டுவந்ததும் கிமார்தான்.