கணிப்பொறியும் காஞ்சிபுரத்து அட்டையும்

கணிப்பொறியா, கணினியா? 2000-களில் தமிழில் தட்டச்சத் தொடங்கிய நம்மில் பலர் இந்தச் சண்டையில் ஏதாவது ஒரு பக்கம் நின்றிருப்போம். கணினி ஜெயித்துவிட்டது. சின்னதா, வாய்க்கு வசதியா இருக்கு, ஜெயிக்கட்டும். ஆனா தோற்றுப்போன 'பொறி'க்காக இன்னைக்குக் கொஞ்சம் வக்காலத்து வாங்கப் போறேன். சாட்சி சொல்லக் காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையம் தறி வருது.

முதல்ல சொல். எலி பிடிப்பதும் பொறி. மதுரைக் கோட்டை மதில்மேல் எதிரிக்காக வைத்திருந்த பொறிகளைச் சிலப்பதிகாரம் வரிசையாக அடுக்குகிறது. கல்லில் எழுத்து வெட்டினால் அது பொறித்தல். வேடிக்கை என்னன்னா, ஆங்கிலத்து 'எஞ்சின்'னும் இதே மாதிரிதான். ரயில் வருவதற்குப் பல நூற்றாண்டு முன்பே கருவி, சூழ்ச்சி, கண்ணி என்றெல்லாம் அதற்குப் பொருள் இருந்தது. அதன் தலையை வெட்டிவிட்டு மிச்சம் வைத்ததுதான், பஞ்சிலிருந்து கொட்டையைப் பிரிக்கிற ஜின்னிங் மில்லில் இருக்கும் 'ஜின்'.

இந்த எஞ்சினைக் கணக்குக்குக் கொண்டுவந்தவர் லண்டன்காரர் சார்லஸ் பாபேஜ். அந்தக் காலத்துக் கணித அட்டவணைகளை மனிதர்கள் கையால் போட்டார்கள், தப்புக்குப் பஞ்சமில்லை. பல்சக்கரங்களைச் சுற்றி, வெறும் கூட்டலை வைத்தே அட்டவணை போடும் 'டிஃபரன்ஸ் எஞ்சின்' ஒன்றை 1822-ல் அறிவித்தார். தமிழில் வித்தியாசப் பொறி. அரசாங்கம் 17,000 பவுண்டுக்கு மேல் கொட்டிவிட்டு 1842-ல் கையை விரித்தது. மனுஷன் அதற்குள் 1834-லேயே அடுத்ததுக்குத் தாவியாச்சு: 'அனலிட்டிகல் எஞ்சின்', பகுப்பாய்வுப் பொறி. முதலாவது ஒரே வகைக் கணக்குதான் போடும். இரண்டாவது, என்ன சொன்னாலும் போடணும். சரி, சக்கரத்துக்கு எப்படிச் சொல்வது?

பதில் தறிமேல் இருந்தது.

காஞ்சியில் தறி பார்த்தவர்களுக்குத் தெரிஞ்சிருக்கும். மேலே ஒரு பெட்டி, அதில் மாலை மாதிரி கோத்துத் தொங்கும் துளை போட்ட அட்டைகள். ஒரு மிதிக்கு ஒரு அட்டை முன்னால் வரும். துளை இருக்கும் இடத்தில் ஊசி உள்ளே போகும், அதோடு சேர்ந்த கொக்கி மேலே ஏறிப் பாவு இழைகளைத் தூக்கும். துளை இல்லாத இடத்தில் அட்டை ஊசியைத் தள்ளிவிடும், இழை அப்படியே கிடக்கும். இடையில் ஊடை ஓடும். அடுத்த மிதி, அடுத்த அட்டை. துளை உண்டு, துளை இல்லை. இந்த ரெண்டே பதிலில்தான் மயிலும் அன்னமும் ருத்திராட்சமும் புடவையில் ஏறுகின்றன.

இந்தப் பெட்டி வருவதற்கு முன் காஞ்சியில் 'அடை' கட்டி நெய்தார்கள். டிசைன் நூலிலேயே கட்டி வைக்கப்பட்டிருக்கும். வரிசை தப்பாமல் இழுத்துக் கொடுக்கத் தறியில் இன்னொரு ஆள் வேணும். பிரான்சின் பட்டு நகரம் லியோனிலும் இதே கதைதான், அங்கே இழுத்தவர்களில் சின்னப் பையன்கள் நிறைய. அந்த ஆளை எடுத்துவிட்டு அட்டையை வைத்தது 1804-ஆம் ஆண்டு ஜக்கார்டு தறி. துளைத்தாள் யோசனை 1725-லேயே பூஷோன் என்பவருடையது, அட்டையாக மாற்றியவர் ஃபால்கோன். பெயர் மட்டும் கடைசியில் வந்து எல்லாவற்றையும் ஒழுங்காகச் சேர்த்தவருக்கு. அது என்னவோ எப்பவும் அப்படித்தான் :-)

பாபேஜ் இந்த அட்டையை அப்படியே எடுத்துக்கொண்டார். ஜக்கார்டின் உருவத்தைப் பட்டில் நெய்த படம் ஒன்றை வாங்கி வைத்திருந்தார், அதை நெய்ய ஏறக்குறைய 24,000 அட்டைகள். பார்த்தவர்கள் அச்சடித்த படம் என்றே ஏமாந்தார்களாம். தன் பொறியின் உறுப்புகளுக்கு அவர் வைத்த பெயர்களைப் பாருங்க. எண்கள் தங்கும் இடம் 'ஸ்டோர்', கணக்கு நடக்கும் இடம் 'மில்'. கிடங்கு, ஆலை! கிடங்கிலிருந்து நூல் ஆலைக்குப் போய்த் துணியாகத் திரும்புகிற மாதிரி எண்ணும் போய்வரும். அட்டையில் ஆணையைப் பொறித்து, ஆலையில் கணக்கு நெய்கிற ஒன்றுக்குக் கணிப்பொறியை விடப் பொருத்தமான பேர் என்ன இருக்கு?

இதை வைத்து 'உலகின் முதல் கம்ப்யூட்டரே தறிதான்' என்று அடிச்சு விடுறவங்களும் உண்டு. அது ஓவர். தறி கூட்டாது, கழிக்காது, அட்டை சொன்னதைச் செய்யும். பாபேஜின் திட்டத்தில் வந்த விடையைப் பொறுத்து வேறு அட்டைக்குத் தாவ வழி இருந்தது, பின்னால் சுற்றவும் முடியும். அந்தத் தாவல் தறியில் கிடையாது. 1890 அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அட்டையைப் புகுத்திய ஹாலரித்கூட, யோசனை ரயில் டிக்கெட்டில் கண்டக்டர் போடும் துளையிலிருந்து வந்தது என்றுதான் சொன்னார்.

பகுப்பாய்வுப் பொறியை முழுசாகச் செய்யாமலே 1871-ல் பாபேஜ் போய்விட்டார். அவரது இரண்டாவது வித்தியாசப் பொறியின் வரைபடத்தை வைத்து 1991-ல் லண்டன் அறிவியல் அருங்காட்சியகம் செய்து பார்த்தது. கணக்கு சரியாக வந்தது.

காஞ்சிபுரத்தில் இப்போது கதை தலைகீழ். கட்டம் போட்ட தாளில் டிசைன் வரைந்து, கட்டத்தைப் பார்த்துப் பார்த்து அட்டை அடித்த கைகளின் வேலையைக் கம்ப்யூட்டர் எடுத்துக்கொண்டு வருகிறது. மின்னணு ஜக்கார்டு ஏறிய தறிகளில் அட்டையே கிடையாது. தறியிடம் கடன் வாங்கிய துளையைப் பொறி திருப்பிக் கொடுக்க வந்திருக்கிறது, அட்டை அடிச்சவருக்குத்தான் அதில் பங்கு இல்லை.