பொய்கொட் என்றொரு மனிதர்

நேற்று தரம் 10 இல் ஒரு மாணவி கேட்டாள். "சேர், பொய்கொட் எண்டா பகிஷ்கரிக்கிறது. அப்ப பொம்புளப் புள்ளைகள் செஞ்சா கேர்ள்கொட்டா?" வகுப்பே சிரித்தது, நானும்தான். ஆனால் அந்த வினைச்சொல்லில் 'பையன்' யாரும் இல்லை. அது ஒருவருடைய குடும்பப் பெயர்.

சார்ள்ஸ் பொய்கொட் ஆங்கிலேயர். அயர்லாந்தின் மேயோ பகுதியில் ஏர்ன் பிரபுவின் காணிகளுக்கு முகவர். குடியானவர்களிடம் குத்தகை அறவிடுவது அவர் வேலை. 1880 இல் கஷ்ட காலம். குத்தகையில் நூற்றுக்கு 25 குறைக்கச் சொன்னார்கள். பிரபு 10 க்கு மேல் இறங்கவில்லை. செப்டம்பரில் வெளியேற்ற அறிவித்தல்களோடு ஆள் வந்தான்.

அதற்குச் சில நாட்களுக்கு முன்னர்தான், 19 ஆம் திகதி, எனிஸ் நகரக் கூட்டத்தில் தலைவர் பார்னெல் ஒரு வழி சொல்லியிருந்தார். வெளியேற்றப்பட்டவனின் காணியை எடுக்கும் இன்னொரு குடியானவனை என்ன செய்யலாம் என்று கேட்டார். சுடுங்கள் என்று கூட்டத்தில் குரல் எழுந்தது. வேண்டாம், அவனை ஒதுக்கி வையுங்கள் என்றார்.

கவனியுங்கள், பார்னெல் சொன்னது அயலவனை ஒதுக்க. மேயோ மக்கள் அதே ஆயுதத்தை மேலே திருப்பினார்கள். பொய்கொட்டின் வேலையாட்கள் போய்விட்டார்கள். கொல்லர் வரவில்லை, உடுப்புக் கழுவ ஆளில்லை, கடைக்காரர் சாமான் கொடுக்கவில்லை. அவர் லண்டன் டைம்ஸுக்குக் கடிதம் எழுதினார். நவம்பரில் வெளியூரிலிருந்து 50 பேர் அறுவடைக்கு வந்தார்கள், காவலுக்கு ஆயிரம் பேரளவில் படையினர்! சுமார் 500 பவுண் விளைச்சலுக்குச் செலவு 10,000 பவுண் என்று கணக்கிட்டார்கள். டிசம்பர் 1 இல் பொய்கொட் அயர்லாந்தை விட்டே போனார்.

சொல்லை உண்டாக்கியவர் ஊர்ப் பாதிரியார் ஓமாலி. 'ஒஸ்ட்ரசைஸ்' என்றால் குடியானவர்களுக்கு விளங்காது என்று, அமெரிக்கப் பத்திரிகையாளர் ரெட்பாத்திடம் இந்தப் பெயரையே வினைச்சொல்லாகச் சொன்னாராம். அந்த நவம்பரிலேயே அது பத்திரிகைகளில் ஏறிவிட்டது. பிறகு பிரெஞ்சு, ஜெர்மன், ரஷ்ய மொழிகளுக்கும் போனது.

எங்கள் நாட்டிலும் அதற்கு இரண்டு முகங்கள். 1931 இல் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் அரசாங்க சபைத் தேர்தலைப் பகிஷ்கரித்தது, வடக்கில் நான்கு ஆசனங்களுக்கு நியமனப் பத்திரமே இல்லை. அது ஆட்சியாளரை நோக்கியது. 2019 ஏப்ரலுக்குப் பிறகு முஸ்லிம் கடைகளில் வாங்காதீர்கள் என்று பரப்பப்பட்டதும் இதே வினைச்சொல்தான். அங்கே ஒதுக்கப்பட்டவன் குத்தகை வாங்கிய முகவர் அல்ல, பிடவைக் கடையில் நிற்கும் அயலவன். இரண்டையும் ஒரே சொல்லால் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் தொண்டை அடைக்கிறது.

பொய்கொட் 1881 இல் அமெரிக்கா போனபோது கன்னிங்ஹாம் என்ற தன் நடுப்பெயரில் பயணம் செய்தார். பத்திரிகைக்காரர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். மாணவியிடம் இதைச் சொன்னேன். "பாவம் சேர்" என்றாள். கடைசியில் ஏன் இரண்டு 'டீ' என்று இனி அவளுக்கு மறக்காது.