மில்பேங்க் சிறையின் கணக்கு

பனாப்டிகன் என்ற சொல் தமிழ்ச் சிறுபத்திரிகை வாசகர்களுக்குப் புதிதன்று. மிஷல் ஃபூக்கோ வழியாக அது நம்மிடம் வந்தது. நடுவில் கண்காணிப்புக் கோபுரம், சுற்றிலும் வட்டமாக அறைகள், தன்னை யாரேனும் பார்க்கிறார்களா என்று அறியாமலேயே அடங்கிப்போகும் கைதி. வகுப்பில் விளக்கும்போது நானும் பல ஆண்டுகள் அந்தக் கோபுரத்தோடு நின்றுவிட்டேன். ஜெரமி பெந்தம் 1791இல் வெளியிட்ட கடிதங்களைப் படித்தபோதுதான், சிறையை நடத்துபவனையும் ஓயாமல் பார்க்கவேண்டும் என்று அவர் எழுதியிருப்பது கண்ணில் பட்டது. குத்தகைதாரர் தம் வரவுசெலவு முழுவதையும் அச்சிட்டு, சத்தியப் பிரமாணத்தோடு வெளியிடவேண்டும். கைதிகளின் சாவுக்குத் தலைக்கு இவ்வளவு என்று தண்டம் கட்டவேண்டும். அந்தக் குத்தகையைத் தாமே எடுக்க பெந்தம் விரும்பினார் என்பதையும் சொல்லிவிடவேண்டும். கருணையோடு இலாபமும் அவர் கணக்கில் இருந்தது.

அந்தச் சிறை எழவில்லை. லண்டனில் தேம்ஸ் கரையில் மில்பேங்க் நிலம் 1799இல் 12,000 பவுண்டுக்கு வாங்கப்பட்டது. பிறகு அரசு பின்வாங்கி, 1813இல் பெந்தமுக்கு 23,000 பவுண்டு இழப்பீடு தந்தது. எழாத சிறைக்கே இவ்வளவு.

அதே நிலத்தில் அரசு தானே சிறை கட்ட முனைந்தது. 1812இல் நடந்த போட்டிக்கு 43 வரைபடங்கள் வந்தன. வென்றவர் வில்லியம் வில்லியம்ஸ், ராணுவக் கல்லூரி ஒன்றில் ஓவிய ஆசிரியர். நடுவில் ஒரு தேவாலயம், அதைச் சுற்றி அறுகோணம், அதன் பக்கங்களில் ஆறு ஐங்கோணங்கள்: தாளில் பார்க்கக் கோலம் போல அழகாக இருக்கும். தரையிலோ அது சதுப்பு. பொறுப்பேற்ற தாமஸ் ஹார்ட்விக் 1813இல் விலகினார். அடுத்து வந்த ஜான் ஹார்வி 1815இல் நீக்கப்பட்டார். மூன்றாமவரான ராபர்ட் ஸ்மர்க்தான் கட்டடத்தின் அடியில் காங்கிரீட் படுகை அமைத்து, 1821இல் வேலையை முடித்தார். அந்தப் படுகையின் விலை முதல் மதிப்பீட்டில் இல்லை. சுவர்கள் எழத் தொடங்கிய பிறகே நிலம் தன் கணக்கைச் சொன்னது.

முடிவில் ஆன செலவு ஏறத்தாழ 5,00,000 பவுண்டு. முதல் மதிப்பீட்டைப்போல் இரு மடங்குக்கும் மேல். ஓர் அறைக்கு 500 பவுண்டு விழுந்தது.

இதைக் களவு என்று நான் சொல்லமாட்டேன். களவாக இருந்திருந்தால் பிடிப்பது எளிது. நாடாளுமன்றம் ஆண்டுக்காண்டு பணம் ஒதுக்கியது. ஒவ்வொரு தவணையும் தனியாகப் பார்த்தால் நியாயமாகவே தோன்றும். பாதி எழுந்த சிறையை விட்டுவிடு என்று யார் சொல்வார்? முழுத்தொகை கண்ணுக்குத் தெரிந்தபோது வேண்டாம் என்று சொல்லும் காலம் கடந்திருந்தது.

கட்டடக் கணக்கில் ஏறாத செலவும் உண்டு. கைதிகளுக்கு உணவு மிகுதி என்ற குறை எழவே, 1822இல் அதைக் குறைத்தார்கள். அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் ஸ்கர்வியும் வயிற்றுக்கடுப்பும் பரவி ஏறத்தாழ 30 பேர் மாண்டனர். சிறையையே காலிசெய்து, ஆண்களைப் பழைய கப்பல்களில் அடைத்தார்கள். நோயை ஆராய அமர்த்தப்பட்ட மருத்துவர் இருவரில் ஒருவர் பீட்டர் மார்க் ரோஜெட். பின்னாளில், 1852இல், ஆங்கிலத்தின் நிகண்டு எனத்தக்க சொற்களஞ்சியத்தை வெளியிட்ட அதே ரோஜெட்.

1842இல் பென்டன்வில் சிறை முடிந்தபோது 520 அறைகளுக்கு 84,186 பவுண்டு 12 ஷில்லிங் 2 பென்ஸ் என்று கணக்குச் சொன்னார்கள். அறைக்கு 160 பவுண்டுச் சொச்சம். மறு ஆண்டே மில்பேங்க் திருத்தச் சிறை என்ற தகுதியை இழந்து, நாடுகடத்தப்படுவோரைத் தேக்கிவைக்கும் இடமாயிற்று. 1890இல் சிறை மூடப்பட்டது. இடித்த இடத்தின் ஒரு பகுதியில் 1897இல் டேட் ஓவியக்கூடம் திறக்கப்பட்டது. சிறையின் செங்கற்களைக் கொண்டு அருகிலேயே மாநகர நிர்வாகம் 1902க்குள் தொழிலாளர் குடியிருப்பு கட்டியது. அதில் இன்றும் மக்கள் குடியிருக்கிறார்கள்.