சோலைக்கிளி

மதுரைக்காரர்களுக்குக் கிளி என்றால் மீனாட்சியம்மன் கையில் இருக்கும் பச்சைக்கிளிதான். நான் சொல்லப்போவது வேறு கிளி. அது பச்சையும் அல்ல. கிளி ஜாதியும் அல்ல.

நமக்கு வடமேற்கே, பழனி மலைத்தொடரில், கொடைக்கானலைச் சுற்றியுள்ள சோலைக்காடுகளில் அது வாழ்கிறது. சிட்டுக்குருவி அளவு, மங்கிய கருநீலம், வயிறு மட்டும் வெள்ளை. ஈரப் புதர் நிழலில் தரையோடு தரையாகத் தத்திப் பூச்சி பொறுக்கும். ஆள் அரவம் கேட்டால் மறைந்துவிடும். விடியலிலும் அந்தியிலும் குரல் மட்டும் சீழ்க்கையாக வரும்.

இது ஏட்டில் ஏறிய கதையில் மதுரைக்கும் பங்கு உண்டு. 1834-இல் இங்கே மடம் அமைத்த அமெரிக்கப் பாதிரிமார்கள் பலரை நம் ஊர் நோய்கள் கொண்டுபோயின. பிழைத்தவர்கள் குளிர்ச்சி தேடி மலையேறி, 1845-இல் கொடைக்கானலில் வீடு கட்டினார்கள். அகமதுநகர்ப் பக்கம் ஊழியம் செய்த பேர்பேங்க் பாதிரியாரும் பிற்பாடு அந்த மலைக்கு வந்து பறவைகளைச் சேகரித்தார். பிளான்ஃபோர்டு என்ற பூகர்ப்ப சாஸ்திர நிபுணர் 1868-இல் இந்தக் குருவியை உலகுக்கு அறிவித்தார்.

பிறகு பண்டிதர்கள் அதற்கு ஒரு வீடு கிடைக்காமல் திண்டாடினார்கள். ஓர் இனத்தில் சேர்ப்பார்கள். அப்புறம் இன்னோர் இனத்துக்கு மாற்றுவார்கள். 2017-இல்தான், மரபணுவைச் சோதித்த ராபின் முதலிய ஆய்வாளர்கள், இது தனி இனம் என்று கண்டு 'ஷோலிகோலா' என்று பெயரிட்டார்கள். சோலையில் வசிப்பது என்று பொருள். ஆங்கிலத்திலும் இப்போது அது 'ஷோலாகிளி'. மலையாளத்தில் எந்தச் சிறு பறவையும் கிளியே அல்லவா!

நூற்றைம்பது வருஷம் கழித்து நம் சொல் சாஸ்திரத்தில் ஏறியது பெருமைதான். ஆனால் சோலை என்ன ஆயிற்று? மலைப் புல்வெளியைத் தரிசு என்று எண்ணி வாட்டில், பைன், யூகலிப்டஸ் நட்டோம். 1973-லிருந்து நாற்பது வருஷத்தில் பழனி மலையின் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. சோலையும் சுருங்கியது. மழையைப் பிடித்துவைத்து மெல்லக் கசியவிடுவது இவை இரண்டும்தான். அங்கிருந்து வரும் வராக நதியும் மஞ்சளாறும் வைகையில்தான் வந்து சேருகின்றன. அந்தக் குருவியின் வீடும் நம் வீட்டுக் குடமும் அவ்வளவு தூரத்தில் இல்லை.

கொடைக்கானல் போகிறவர்கள் ஏரியையும் தூண் பாறையையும் பார்த்துத் திரும்புகிறார்கள். அடுத்த முறை விடியற்காலையில் ஒரு சோலையோரம் சற்றே பேசாமல் நின்று பாருங்கள். குருவி கண்ணில் படாது. குரல் கேட்டால், சோலை இன்னும் இருக்கிறது என்று நிம்மதியாகக் கீழே இறங்கலாம்.