திரும்பு என்றால் திரும்பும் பெட்டி

கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் இருந்த ஜெராக்ஸ் ஆய்வு மையத்தில் 1970களில் பள்ளிப் பிள்ளைகள் கணினி முன் உட்கார்ந்தார்கள். ஆலன் கே வடிவமைத்து, டான் இங்கால்ஸ் இயங்கவைத்த ஸ்மால்டாக் மொழியைக் கற்க வந்தவர்கள் அவர்கள்.

அந்த மொழியில் எல்லாமே பொருள்கள். செய்தி அனுப்பினால்தான் எதுவும் நடக்கும். 3 + 4 என்பதுகூட, 4ஐச் சேர்த்துக்கொள்ளும்படி 3க்குப் போகும் செய்திதான்.

இதைப் பிள்ளைகளுக்கு எப்படிப் புரியவைப்பது? 1973இல் குழுவில் சேர்ந்த அடெல் கோல்ட்பர்க் இலக்கணத்தில் தொடங்கவில்லை. திரையில் ஒரு பெட்டி, பெயர் ஜோ. திரும்பு என்றால் திரும்பும், வளர் என்றால் வளரும். அடுத்து ஜில் என்று இன்னொரு பெட்டி. ஜோவுக்குச் சொன்னது ஜில்லைத் தொடாது. பெட்டி என்ற பொது வார்ப்பு வகுப்பு, அதிலிருந்து வந்த ஜோவும் ஜில்லும் பொருள்கள் என்ற வேறுபாடு விளக்கமே இல்லாமல் பிடிபட்டது. கற்பித்தலில் இது அபாரமான கண்டுபிடிப்பு. விரைவிலேயே 12 வயதுச் சிறுமி ஒருத்தி ஓவியம் வரையும் நிரலையே எழுதினாள்.

எல்லாம் எளிதாக நடக்கவில்லை. நிரல் எழுதிப் பழகாத பெரியவர்கள் சிறிய தகவல் பட்டியல் நிரலிலேயே திணறினார்கள் என்று கே பின்னாளில் ஒளிக்காமல் எழுதினார். மொழி பிடிபட்டாலும் வடிவமைப்பு தனியே பழக வேண்டியதாக இருந்தது.

1996இல் கேயும் இங்கால்ஸும் ஆப்பிளில் உருவாக்கிய ஸ்குவீக் என்ற புதிய வடிவம், ஸ்மால்டாக்கை மீண்டும் பிள்ளைகளிடம் கொண்டுசேர்த்தது.